உங்கள் ஊர்க் கோயிலுக்கு வயது என்ன? நூற்றாண்டு மலர் எழுதப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊர் மாதா கோயில் வாசல் கல்லில் 1911 என்று வெட்டியிருக்கிறது. அதை நம்பி 2011இல் நூற்றாண்டு கொண்டாடினோம். கொடியேற்றி, சப்பரம் இழுத்து, அசனம் (ஊர் விருந்து) போட்டு, வழுவழுப்புத் தாளில் மலரும் அச்சடித்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் சாமியார் வீட்டு மர அலமாரியில் கிடந்த பழைய கல்யாணப் பதிவேட்டை ஒருவர் புரட்டினார். 1884லேயே இந்தக் கோயிலில் கல்யாணம் நடந்ததாக அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. அப்படியென்றால் 1911 எதற்கு? விசாரித்துப் பார்த்ததில் அது முகப்பு கட்டிய வருஷம். உள்ளே நாம் முழங்கால் போடும் கூடம் அதற்கு முந்தியது, பீடம் அதற்குப் பிந்தியது, மணிக்கூண்டு இன்னும் பிந்தியது.

ஒரு கோயிலுக்கு ஒரே ஒரு வயது கிடையாது. "சுமார் 400 ஆண்டுகள் பழமை வாய்ந்த" என்று முதல் வரியிலேயே ஆரம்பிக்கும் மலர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எது 400 ஆண்டு? ஊரில் கிறிஸ்தவம் வந்ததா, முதல் ஓலைக் கொட்டகையா, இப்போது நிற்கும் சுவரா? இதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. கத்தோலிக்கக் கோயிலை மனத்தில் வைத்து எழுதுகிறேன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஊர்க்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் நாள் எந்தப் புத்தகத்தையும் தொடாதீர்கள். ஒரு அளவு நாடா, கட்டம் போட்ட நோட்டு, டார்ச், ஏணி, ஏணியைப் பிடிக்க ஓர் ஆள், இவ்வளவு போதும். பூசை இல்லாத நேரமாகப் பார்த்து, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு (அவரைப் பகைத்துக்கொண்டு எந்த ஊரிலும் ஒரு கதவும் திறக்காது) கோயிலை வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை சுற்றி வாருங்கள். அப்புறம் தரைப்படம் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை, சுவரின் கனத்தை மட்டும் ஒவ்வொரு சன்னலிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் இரண்டடி, இரண்டரை அடி கனம் இருக்கும். அதே வரிசையில் திடீரென்று முக்காலடிச் சுவர் வந்தால் அங்கே ஏதோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் கோயிலில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சிறகுகள் அப்படித்தான் மாட்டிக்கொண்டன. தரைப்படம் வரையும்வரை கோயில் தொடக்கத்திலிருந்தே சிலுவை வடிவம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தரைப்படம் எவ்வளவு பேசும் என்பதற்கு வடக்கன்குளத்தைப் போய்ப் பாருங்கள். ராதாபுரம் பக்கம், புனிதர் தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அங்கே 1872இல் சேசு சபையார் (ஜெசூட் துறவிகள்) கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு கூடங்கள். இரண்டும் தனித்தனி வாசலில் தொடங்கி, சாய்ந்து வந்து, ஒரே பீடத்தில் கூடுகின்றன. ஒரு கால்சட்டையை விரித்துப் போட்ட மாதிரி. வேலைப்பாட்டில் வித்தியாசம் காட்டக் கட்டியதல்ல அது. ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார், நடுவே சுவர். பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு கூட்டமும் தெரியும், ஒரு கூட்டத்துக்கு மற்றது தெரியாது. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கால்சட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு தாளும் எஞ்சாமல் எரிந்து போயிருந்தால்கூட, தரைப்படத்தை வரைந்த எவனும் "இது ஏன் இப்படி?" என்று கேட்காமல் இருக்க முடியாது.

உங்கள் ஊரிலும் இதற்குச் சின்னதாக ஒரு சொந்தம் இருக்கலாம். அடைத்துவைத்த பக்க வாசல், யாரும் காரணம் சொல்லாத இரண்டாவது தண்ணீர்த் தொட்டி, கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஓடும் சுவர். படத்தில் போட்டுவிடுங்கள். மலரில் போடுவதா வேண்டாமா என்று கமிட்டி சண்டை போடட்டும், அது அப்புறம்.

அடுத்து பீடம். கோயிலுக்குள் மிக வேகமாக மாறிய இடம் இதுதான், கால அளவும் ஓரளவு கையில் இருக்கிறது. 1962இலிருந்து 1965வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் மக்களைப் பார்த்துத் திரும்பினார், அதற்காகப் பீடத்தைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப்போட வேண்டியதாயிற்று. ஆகவே முன்னால் தனியாக நிற்கும் மேசைப் பீடம் அநேகமாக அதற்குப் பிந்தியது. பின்னால் சுவரோடு ஒட்டி, சுரூபங்கள் (புனிதர் சிலைகள்) வைக்கும் கூடுகளோடு அடுக்கடுக்காக ஏறும் மரவேலைதான் பழைய பீடம். அதைச் சில ஊர்களில் தூக்கி எறிந்துவிட்டார்கள், சில ஊர்களில் தங்க வண்ணப் பெயின்ட் அடித்துக் காப்பாற்றிவிட்டார்கள், இரண்டில் எது பெரிய பாவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிராதியையும் தேடுங்கள். நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்க முழங்கால் போடும் அந்தக் கம்பித் தடுப்பு கோயிலுக்குள் இல்லையென்றால் கெபியை (குகை மாதிரிக் கட்டிய மாதா கூடு) சுற்றிப் பாருங்கள், சாமியார் வீட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். எங்களுடையது ரோஜாச் செடிகளுக்கு வேலியாக நின்றது.

இந்த இடத்தில் பெரியவர்களைப் பிடிக்க வேண்டும். "கோயில் எப்ப கட்டுனாங்க?" என்று கேட்டால் ஒன்றும் தேறாது, மலரில் படித்ததையே திருப்பிச் சொல்வார்கள். பொருளைக் காட்டிக் கேளுங்கள். எண்பது தாண்டிய ஒரு பாட்டியிடம், "பாட்டி, உங்க கல்யாணத்துக்குச் சாமியார் எங்க நின்னாரு?" என்று கேட்டேன். "அங்கதான், நமக்கு முதுகைக் காட்டிட்டு. அவரு சொன்னது ஒண்ணும் வெளங்கல, மணி அடிச்சா முழங்கால் போட்டோம்" என்றார். "பெஞ்சு இருந்துச்சா?" "பெஞ்சா? தரைதான். ஆம்பள அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம்." இரண்டே கேள்வியில் மூன்று தகவல். வருஷம் வேண்டுமென்றால் தனுஷ்கோடிப் புயலைக் கேளுங்கள், அது 1964 டிசம்பர். அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் தென்மாவட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் பதில் தெரியும்.

கூரைக்கு வருவோம். ஓடு போட்ட கோயில் என்றால் உடைந்து கிடக்கும் ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓட்டில் கம்பெனிப் பெயரும் வருஷமும் அச்சாகியிருக்கும். இதில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். பேசல் மிஷன் ஓட்டில் 1865 என்று இருந்தால் கோயில் 1865இல் கட்டியது என்று எழுதிவிடாதீர்கள். அது மங்களூரில் அந்த ஓட்டுச் சூளை தொடங்கிய வருஷம், பல பத்தாண்டுகள் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே எண்தான். அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது மட்டும்தான் நிச்சயம். அந்த ஓடும் இரண்டாவது தடவை மாற்றியதாக இருக்கலாம், ஓடு எங்கே நின்றது, குரங்கும் தேங்காயும் விட்டுவைக்குமா? மச்சு என்றால் உள்ளேயிருந்து அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரம், குறுக்குச் சட்டம், அதன்மேல் சாய்வாக நெட்டுக்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், இதுதான் மெட்ராஸ் டெரஸ். இதில் சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், பனங்கருப்பட்டி. தட்டையான கான்கிரீட் தளமாக இருந்தால் கூரையாவது பிந்தியது என்று முடிவு கட்டலாம்.

சிவகங்கைப் பக்கம் இடைக்காட்டூருக்குப் போனால் மண்ணை வைத்து என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று வாய் பிளக்கலாம். பெர்டினான்ட் செல் என்ற பிரெஞ்சுச் சாமியார், பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்து 1894இல் கட்டிய திருஇருதயக் கோயில் அது. கூர் வளைவு, கூர் கோபுரம் எல்லாம் ஐரோப்பா, ஆனால் அங்கே கல்லில் செதுக்கியதை இங்கே செங்கல்லில் வார்த்திருக்கிறார்கள். அதற்கென்றே இருநூறு வகை அச்சுச் செங்கல் சுட்டதாகச் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் கோயிலில் பூச்சு உதிர்ந்த இடத்தில் வளைந்தோ வரிவரியாகவோ ஒரு செங்கல் தெரிந்தால், மேஸ்திரி கொத்திச் செய்ததா, அச்சில் வார்த்ததா என்று கவனியுங்கள். அச்சு என்றால் பக்கத்தில் எங்கேயோ சூளை இருந்திருக்கும். சூளைமேடு, செங்கமேடு, காளவாசல் என்று வயல்வெளிப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

ஆனால் ஐரோப்பியப் பாணியைப் பார்த்து வயது சொல்லக் கூடாது. சீமையில் கூர் வளைவு இருந்தால் இந்த நூற்றாண்டு, வட்ட வளைவு இருந்தால் அந்த நூற்றாண்டு என்று ஒரு கணக்கு உண்டு. இங்கே அது செல்லாது. நம் ஊருக்கு எல்லாப் பாணியும் கப்பலில் ஒன்றாக வந்திறங்கியது, வந்த சாமியாருக்குத் தன் ஊர்க் கோயில் எப்படி ஞாபகமிருந்ததோ அப்படிக் கட்டினார். வேலை பாதியில் நிற்பதும் சகஜம். இடையன்குடி கோயிலுக்குக் கால்டுவெல் 1847இல் தொடங்கியது 1880இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று, 33 வருஷம். அவரே அந்தக் கோயில் பீடத்தின் கீழ்தான் அடக்கமாகியிருக்கிறார். அந்த 33 வருஷத்துக்கு நடுவே தாது வருஷப் பஞ்சமும் வந்து போனது. உங்கள் ஊர்ப் பதிவேட்டில் 1877, 78இல் ஞானஸ்நானம் சட்டென்று ஏறினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

கல்வெட்டு படிப்பது

சாயங்காலம் போங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது. டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டிய பள்ளமெல்லாம் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கும். இடம் வலம் மேல் கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். கம்பிப் பிரஷ், ஆசிட், சாக்பீஸ் எதுவும் வேண்டாம்.

ஆண்டைப் படிப்பதில் நான்கு வகை வரும். சாதாரண எண்ணில் பிரச்சினை இல்லை. ரோமன் எண் என்றால் கூட்டிக்கொண்டே போகலாம். எம் ஆயிரம், டி ஐந்நூறு, மூன்று சி முந்நூறு, எக்ஸ் சி தொண்ணூறு, ஐ வி நான்கு, ஆக 1894. தமிழ் எண் என்றால் இதே ஆண்டு ௲௮௱௯௰௪ என்று நிற்கும், பக்கத்தில் ௵ இருந்தால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. தெரியாதவர்கள் இதைக் கோலம் என்று நினைத்துத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நான்காவது குமரிப் பக்கமும் தென் நெல்லையிலும் வரும் கொல்லம் ஆண்டு. 1069 என்று கல்லில் பார்த்துவிட்டு "சோழர் காலத்துக் கோயில்" என்று துள்ளிக் குதிக்காதீர்கள், ஜனவரிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடைப்பட்ட தேதியென்றால் 825ஐக் கூட்டுங்கள், ஆகஸ்ட் நடுவுக்கும் டிசம்பருக்கும் இடையென்றால் 824. வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜய வருஷம் 1894இலும் வந்தது, 1954இலும் வந்தது. எழுத்தின் உருவத்தையும் கல்லின் வேலையையும் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும்.

மணியை மறந்துவிடுவார்கள், ஏறிப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. வெளிநாட்டில் வார்த்த மணியென்றால் வார்த்த ஊர், வருஷம், கொடுத்தவர் பெயர், மணிக்கு வைத்த பெயர் எல்லாம் உடம்பைச் சுற்றிப் புடைப்பெழுத்தில் இருக்கும். ஆம், மணிக்கும் பெயர் வைத்து மந்திரிப்பார்கள். ஆனால் மணியின் வருஷம் மணிக்குத்தான், கோபுரத்துக்கு அல்ல. கோபுரம் கட்டும்வரை பல ஊர்களில் மணி வேப்பமரத்தில் தொங்கியிருக்கிறது.

பதிவேடுகள்

இப்போது புத்தகத்தைத் தொடலாம். பங்குச் சாமியாரிடம் (பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள ஊர்கள்) நேரில் போய்க் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பழைய தாள் மடிப்பில் ஒடியும். போட்டோ எடுக்க அனுமதி கிடைத்தால் பிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

இலத்தீனைக் கண்டு பயப்பட வேண்டாம், ஒரே வாக்கியம்தான் ஐந்நூறு தடவை வரும். பெயர்தான் சிக்கல். பேத்ருஸ் என்று எழுதியிருப்பவர் ஊருக்குள் ராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன், லாசருஸ் தேவசகாயம், அலோசியுஸ் ஞானப்பிரகாசம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குடும்பங்கள் கிடைத்துவிடும். உங்கள் பங்கு எப்போது தனிப் பங்காகியது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதற்கு முந்திய பதிவுகள் தாய்ப் பங்கில் இருக்கும். எங்கள் ஊர் முதல் ஞானஸ்நானப் பதிவுகளைப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர் அலமாரியில்தான் பார்த்தேன். மறைமாவட்டமும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) பிரிந்துகொண்டே இருந்திருக்கிறது. தூத்துக்குடி 1923இல், கோட்டாறு 1930இல், சிவகங்கை 1987இல்தான் தனியானது. கடிதமும் கணக்கும் எந்த ஆயர் இல்லத்தில் கிடக்கும் என்பது அதைப் பொறுத்தது.

பதிவுகளில் பெரிய இடைவெளி விழுந்தால் எலிமேல் பழி போடும் முன் சேசு சபையை நினையுங்கள். 1773இல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்தார், மதுரை மிஷனுக்கு அவர்கள் மறுபடி வந்தது 1838இல். நடுவில் கோவா சாமியார்களும் புதுச்சேரிப் பிரெஞ்சுச் சாமியார்களும் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கும் கோவாக்காரர்களுக்கும் இந்தக் கோயில் யாருக்கு என்று பெரிய தகராறு. ஒரே சின்ன ஊரில் கூப்பிடு தூரத்தில் இரண்டு பழைய கத்தோலிக்கக் கோயில் இருந்தால் காரணம் பெரும்பாலும் இது, அல்லது சாதி, அல்லது இரண்டும்.

உள்ளூரில் கிடைக்காதது வெளியே கிடைக்கும். சேசு சபையின் மதுரை மாநில ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. சி.எஸ்.ஐ. கோயில் என்றால், சி.எஸ்.ஐ. உருவான 1947க்கு முன் எந்த மிஷன் என்று பாருங்கள். மெய்ஞ்ஞானபுரம் மாதிரி சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) ஊர் என்றால் காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், இடையன்குடி மாதிரி எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் ஆங்கிலேயச் சங்கம்) ஊர் என்றால் ஆக்ஸ்போர்டில். அந்தக் கடிதங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும், மிஷனரிகள் தங்கள் நாட்டுக்குப் பணம் கேட்டு எழுதியவை பல. இருந்த குடிசை இடிந்ததைக்கூட உருக்கமாக எழுதினால்தானே காசு வரும்.

பதிவேட்டில் பார்த்ததையெல்லாம் அச்சில் ஏற்றாதீர்கள். தகப்பன் பெயர் தெரியாது என்று எழுதிய குழந்தையின் பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் இருப்பார்கள்.

எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போட்டுக்கொள்வது என் பழக்கம். தாளில் பார்த்ததற்குத் தா, சுவரில் பார்த்ததற்குச் சு, காதில் கேட்டதற்குக் கா. கா மட்டும் உள்ள வரியை "என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று முடிப்பேன். புனிதர் கனவில் வந்து இடம் காட்டியதும், மாட்டுவண்டி அச்சு முறிந்து சுரூபம் நகர மறுத்ததும் கா தான். அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, எந்த ஊரிலும் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கடைசியாக ஒரு அவசரம். திருவிழாவுக்கு முன் புதுப்பிப்பு வேலை என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே காமிராவோடு ஓடுங்கள். எங்கள் கோயிலில் சக்கிரீஸ்து (சாமியார் பூசை உடை மாற்றும் அறை) வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் இருந்தது. நன்கொடை கொடுத்தவர் ஆசைப்பட்டார் என்று அதன் மேலேயே பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், ஒருவரிடமும் போட்டோ இல்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள், ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரண்டு மழைக்குள் பொக்குப் பொக்காகக் கிளம்பும். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

எங்கள் மணியில் இரண்டு வரி இருக்கிறது. மேல் வரியில் வருஷம் தெரிகிறது, கீழ் வரி முழுக்கப் புறா எச்சம். ஏணி பிடிக்க ஆள் கிடைத்துவிட்டது, மழை விட்டதும் ஏற வேண்டும்.